பூஜ்ஜியம் போடும் இடம்

கிராஞ்சியில் இறங்கி 925 பிடித்தால்
ஞாயிறு காலை ஏழரைக்குப் பேருந்தில்
நான், ஓட்டுநர்,
மீன்பிடிக்கப் போகும் யாரோ ஒருவரின் நீல வாளி.

சுங்கை என்றால் ஆறு. பூலோ என்றால் மூங்கில்.
பதினோரு பருவமாக வருகிறேன்,
மூங்கில் எதையும் பார்த்ததாக நினைவில்லை.
ஆறு இருக்கிறது.
சேறு இருக்கிறது, சேற்றில் நெஞ்சால் நடக்கும் மீன் இருக்கிறது,
எதிர்க்கரையில் ஜொகூரின் அடுக்குமாடிகள்
பாதி மூடுபனியில்.

மறைப்புக் குடிலில் ஹஸ்லிண்டா முன்பே வந்திருப்பாள்.
வாரநாளில் பல் மருந்தகத்தில் தாதி.
இங்கே தொலைநோக்கி அவளுடையது,
தாளும் பென்சிலும் என்னுடையவை.
துவாஸில் கப்பல் பட்டறைக்குக் கணக்குப் பார்ப்பவனுக்கு
வேறென்ன வேலை கொடுப்பார்கள்?

இன்று ஓதம் ஒன்பது பத்துக்கு.
எட்டே முக்கால்வரை குளம் வெறும் குளம்;
ஓர் உடும்பு மட்டும்
குத்தகைக்கு எடுத்தவனைப்போல் ஓரத்தில் சுற்றும்.
வெளியே சேற்றை நீர் மூட மூட
நிற்க இடமில்லாதவை உள்ளே வரும்.
முதலில் சீழ்க்கை,
ஏழு துண்டாக, யாரோ படியிறங்குவதுபோல்.
பிறகு இறகு.
பிறகு குளத்தின் நடுத்திட்டு மெல்லப் பழுப்பாகும்.

கோட்டான் என்றால் ஆந்தை என்றுதான்
நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன்.
இது வேறு. வளைந்த மூக்கு, நீண்ட கால்,
சைபீரியாவிலிருந்து வருகிறதாம்.
பவளக்காலி, உப்புக்கொத்தி, உள்ளான்,
எல்லாவற்றுக்கும் தாளில் ஒரு வரிசை.
பத்துப் பத்தாக எண்ண வேண்டும்.
ஒன்றை மட்டும் பார்த்தாயோ, போயிற்று எண்ணிக்கை.

நான் ஒன்றைப் பார்த்திருந்தேன்.
வலக்காலில் பச்சையும் வெள்ளையுமாய்க் கொடி,
இடக்காலில் ஒரு விரல் குறைவு,
குனிந்த நடை,
செலவுச்சீட்டில் பிழை தேடும் என் பழைய மேலாளர்
தணிகாசலத்தைப் போலவே.
'பெயர் வைக்காதே' என்றாள் ஹஸ்லிண்டா,
'வைத்தால் தேட ஆரம்பிப்பாய்.'
வைக்கவில்லை என்றேன்.
ஆறு செப்டம்பர் தணிகாசலம் வந்தார்,
அதே திட்டில், அதே செத்த கட்டைக்கு இடப்பக்கம்.

இது நவம்பர்.

குடிலுக்குள் ஒரு சிறுமி, அப்பாவோடு.
'அன்னம் எங்கே?' என்று கேட்டாள்,
படப்புத்தகத்தில் பார்த்திருப்பாள் போல.
பூமலைக் குளத்தில் இருக்கிறதே என்றேன்,
வாங்கி விட்டவை, எங்கேயும் போகாது.
'அப்போ அதுதானே நல்லது?' என்றாள்.
அவள் அப்பா சிரித்தார்.
எனக்குப் பதில் வரவில்லை.
பென்சிலைச் சீவினேன், அது கூராகத்தான் இருந்தது.

கோட்டான் நூற்றுப் பதினெட்டு.
சென்ற ஆண்டைவிட நான்கு அதிகம்.
கணக்கில் யாரும் குறையவில்லை.

இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்
ஹஸ்லிண்டா சொன்ன ஒரே விதி:
கட்டத்தைக் காலியாக விடாதே.
காலி என்றால் நீ பார்க்கவில்லை என்று பொருள்.
பார்த்தும் இல்லையென்றால்
பூஜ்ஜியம் போடு.

ஒரு பறவைக்கென்று தாளில் கட்டம் கிடையாது.
ஓரத்தில், சின்னதாக,
'பச்சை வெள்ளைக் கொடி: 0' என்று எழுதினேன்.
எழுதிவிட்டுத் தாளைக் கையால் மறைத்தேன்,
பள்ளிக்கூடத்துப் பையனைப்போல்.

அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள்.
பென்சிலை வாங்கினாள்.
நேரம் குறிக்காத பூஜ்ஜியம் செல்லாது என்று
என் வரிக்குப் பக்கத்தில் 9.26 போட்டாள்.

பிறகு அதற்குக் கீழே,
என்னைப் பார்க்காமல்,
இன்னொரு வரி:
'நேற்று, 8.40: 0.'